பாய்மரங்கள் வளைந்த வருஷம்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

நான் சௌக்கியம் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். என் சௌக்கியத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு வயிற்றெரிச்சல். உன் அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் பாக்கி. நீயும், நீ ஓட்டும் பஸ்ஸும், அதில் ஏறும் சனங்களும் எப்படி?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "நெஜமாவா மாமா?" என்று குறுக்கே விழுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நேற்று பறக்கும் படகுப் பந்தயம் இந்த வருஷத்துக்குத் தொடங்கிவிட்டது. நம் தெரு முடிவெட்டும் கத்திரியின் சலூன் டிவியில்தான் பார்த்தேன். எட்டு படகு. கத்திரி இன்னும் "படகு எங்கய்யா பறக்கும்?" என்கிறான். கஷ்டப்பட்டுப் புரியவைத்தேன். தண்ணீருக்குள்ளே கத்தி மாதிரி மெல்லிசாக ஒரு சிறகு. வேகம் ஏற ஏற அது படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். மேலே துணிப்பாய் கிடையாது, விமான இறக்கையைச் செங்குத்தாக நட்ட மாதிரி ஒரு இறக்கை, அதுதான் பாய்மரம். மணிக்கு நூறு கிலோமீட்டர். மோட்டார் இல்லை, வெறும் காற்று. இதெல்லாம் நான் அணைக்கட்டில் போர்வையைப் பாயாகக் கட்டித் தெப்பம் ஓட்டிய காலத்திலேயே யோசித்ததுதான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. இல்லாவிட்டால் அந்தச் சிறகு என் பெயரில் இருந்திருக்கும்.

முதல் போட்டியில் சிவப்புப் படகு ஜெயித்தது. இன்னொரு ரகசியம், யாரிடமும் சொல்லாதே. இந்த வருஷம் எல்லாப் பாய்மரங்களையும் வளைத்துவிட்டார்கள். நடுவில் லேசாக ஒரு நெளிவு. புதுத் தொழில்நுட்பம். டிவியில் பேசுகிறவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. முப்பது வருஷம் ஜன்னலுக்கும் கதவுக்கும் ரசமட்டம் வைத்து நேர் பார்த்த என் கண்ணுக்குத்தான் பட்டது.

பஸ்ஸைப் பார்த்து ஓட்டு. பறக்கவிடாதே.

இப்படிக்கு,
பாய்மர நிபுணரும் உன் மாமாவுமான நான்

பிப்ரவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் வாலு இங்கே நல்லபடி இருக்கிறேன். பஸ்ஸுக்கு மட்டும் வைப்பரில் கொஞ்சம் சளி. அத்தையின் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு.

டிப்போவில் டிரைவர்கள் ஓய்வறையில் ஒரு டிவி இருக்கிறது. எல்லோரும் கால்பந்து கேட்பார்கள், நான் படகு கேட்பேன். போன வருஷம் முழுக்கச் சண்டை. இந்த வருஷம் அவர்களே "உன் படகு வந்தாச்சு" என்று கூப்பிடுகிறார்கள். நான் பஸ் ஓட்டப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் ஒருவர்தான் சிரிக்கவில்லை. "என் மருமக ரயில் ஓட்டப் போறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்தப் பொய்க்கு ஈடாக நான் பஸ்ஸாவது ஓட்டவேண்டியதாகிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் அதற்கு உங்களுக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஆனால் மாமா, ஜெயித்தது சாம்பல் நிறப் படகு. சிவப்பு இரண்டாவது. பாய்மரம் எதுவும் வளைந்திருக்கவில்லை. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது.

குறுக்கே விழுந்ததற்கு மன்னிக்கவும்.

உங்கள்
வாலு

மார்ச் 13

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். மற்றவர்கள் நலமா என்று விசாரிக்க நேரமில்லை, அவ்வளவு வேலை. அங்கே குளிர் குறைந்ததா? காதைப் பொத்திக்கொண்டு போகிறாயா?

பாய்மரம் நேராக இருக்கிறதாம்! உங்கள் டிப்போ டிவி சின்ன டிவி. சின்னதில் நெளிவு தெரியாது. கத்திரியும் உன்னை மாதிரியே "எனக்கு நேராத்தான்யா தெரியுது" என்றான். நான் விடுவேனா? "வளையலன்னு நிரூபிச்சா மீசைய எடுத்துக்கோ" என்று பந்தயம் கட்டிவிட்டேன். சலூனில் இருந்த ஆறு பேர் சாட்சி. அதோடு விடவில்லை. பந்தயம் நடத்துகிறவர்களுக்கே ஒரு கடிதம் போட்டேன். "எல்லா அணியும் சேர்ந்து பாய்மரத்தை வளைத்திருக்கிறார்கள், இது விதிப்படி சரியா?" என்று. உன் அத்தைதான் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தாள். தலையில் அடித்துக்கொண்டேதான் எழுதினாள்.

இன்னொன்று. இந்த ஊரில் கட்டுகிற சுவரெல்லாம் கோணலாகிவிட்டது. புது அடுக்குமாடியில் நாலு ஜன்னல் மாட்டினேன். வீட்டுக்காரர் வந்து, "சட்டம் சாஞ்சிருக்கே, என்னங்க இது?" என்கிறார். "சட்டம் சாயல சார், உங்க செவுரு சாஞ்சிருக்கு" என்றேன். மேஸ்திரி சண்டைக்கு வந்துவிட்டான். ரசமட்டத்தில் தப்பிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் குழாய் நெளிந்திருக்கிறது. இந்தக் காலத்துப் பொருளில் தரமே இல்லை.

கத்திரி அந்த டிவியைத் துடைப்பதும் இல்லை. திரையின் நடுவில் எப்போதும் ஒரு அழுக்குப் புள்ளி. சரியாகத் திருப்பம் வரும்போது படகு அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
மீசையோடு இருக்கும் மாமா

ஏப்ரல் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தத் தடவை இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நேற்று எனக்கு வருஷாந்தரக் கண் பரிசோதனை. டிரைவர் வேலையில் அது கட்டாயம். எழுத்து படிக்கச் சொன்னார்கள், படித்தேன். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார்கள். கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாக, நடுவில் ஒரு கரும்புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்க்கச் சொன்னார் பரிசோதிக்கிற அம்மா. "கோடெல்லாம் நேரா இருக்கா? எங்கயாவது வளைஞ்சு தெரியுதா? நடுவுல அழுக்கு மாதிரி ஏதாவது?" என்று கேட்டார்.

எனக்கு உங்கள் கடிதங்கள்தான் ஞாபகம் வந்தன மாமா. பாய்மரம், ஜன்னல் சட்டம், ரசமட்டக் குழாய், கத்திரி துடைக்காத டிவி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "எங்க மாமாவுக்கு அப்படித்தான் தெரியுது" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கண்ணுக்குப் பின்னால், பார்வையின் நடுப்பகுதியில், ரத்தக்குழாய் கசிந்தால் நேர்கோடு நெளியும். சீக்கிரம் பார்த்தால் ஊசி போட்டு நிறுத்தலாம். விட்டுவிட்டால் நடுப்பார்வை போய்விடும். போனது திரும்பாது. தள்ளிப்போட வேண்டாம், உடனே போகச் சொல்லுங்கள் என்றார்.

அந்தத் தாளை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். முதலில் இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது. கோடு நெளிந்தால் அன்றைக்கே அத்தையைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி போன் செய்தேன், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உங்கள்
வாலு

ஏப்ரல் 20

அன்புள்ள வாலுக்கு,

நலம். எல்லாமே நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று தெரியும்.

நீ அனுப்பிய தாள் அச்சுப் பிழை. கோடெல்லாம் தண்ணீரில் நனைந்து காய்ந்த மாதிரி இருக்கிறது. தபாலில் மடங்கியும் விட்டது. இங்கே எழுதுபொருள் கடையில் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கிப் பார்த்தேன், அதுவும் மட்டமான அச்சு. கடைக்காரனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு எங்கே நேரம்? வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

நேற்றைய பந்தயத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! என்ன காற்று, என்ன காற்று! கத்திரி சலூனில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது சுற்றில் மஞ்சள் படகு அப்படியே மூக்கைக் குத்தி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, திரும்ப நிமிர்ந்து, கடைசியில் ஜெயித்தும் விட்டது. அப்படி ஒரு காட்சியை என் ஆயுளில் பார்த்ததில்லை. சலூனே எழுந்து நின்று கை தட்டியது. கன்னத்தில் பாதிச் சவரத்தோடு ஒருவர் ஆடினார்.

இப்படிக்கு,
மாமா

மே 4

மாமா,

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி காற்றே இல்லை. மதியம் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போட்டியை ரத்து செய்துவிட்டார்கள். எட்டு படகும் கரையை விட்டு இறங்கவேயில்லை.

நீங்கள் எதை வேண்டுமானாலும் பெரிதாக்கிச் சொல்லுங்கள். சின்ன வயசிலிருந்து எனக்கு அது பிடிக்கும். ஆனால் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் பெரிதாக்குவீர்கள். நீங்கள் அன்றைக்கு சலூனுக்கே போகவில்லை, இல்லையா?

உங்கள் உடம்பு எப்படி? கண் எப்படி?

வாலு

மே 18

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் மாமாவுக்குத் தெரியாது. ரேஷன் வாங்கப் போனவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அவரைப் போல வளைத்து வளைத்து எழுத எனக்கு வராது. நீ நல்லபடி சாப்பிடுகிறாயா?

மார்ச் மாதக் கடைசியிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அடுக்குமாடிக்காரர் நாலு ஜன்னலையும் கழற்றி வேறு ஆளை வைத்து மாட்டிக்கொண்டார். சலூனுக்கும் போவதில்லை. போனால் "யார் முன்னாடி போறது?" என்று யாராவது கேட்பார்களாம், அவரால் சொல்ல முடியவில்லையாம். இதை என்னிடம் சொல்லவில்லை. கத்திரி சொன்னார்.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நீ அனுப்பிய கட்டத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தார், வைத்தார், எடுத்தார். "வாங்க, போயிட்டு வந்துடலாம்" என்றேன். "கண்ணுக்குள்ள ஊசி குத்துவாங்கடி" என்றார். அணையைத் தாண்டினேன், புயலைத் தாண்டினேன் என்று நாற்பது வருஷமாகச் சொன்ன ஆள், அம்மா, ஒரு ஊசிக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ சொன்னாலும் கேட்கமாட்டார். நீ வந்து நின்றால் கேட்பார்.

அத்தை

மே 29

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். ஒன்பது நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஜூன் ஆறாம் தேதி காலை அங்கே இருப்பேன்.

ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பந்தயம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அதற்காக வருகிறேன். வேறெதற்கும் இல்லை.

உங்கள்
வாலு

ஜூலை 12

அன்புள்ள வாலுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்து பஸ்ஸோடு சமாதானமாகிவிட்டாய் என்று அத்தை சொன்னாள். நான் சௌக்கியம். இது டாக்டர் கையெழுத்துப் போட்ட சௌக்கியம்.

இரண்டாவது ஊசியும் ஆயிற்று. இடது கண் எப்போதோ போய்விட்டதாம். வலது கண் அதுவரைக்கும் சத்தமில்லாமல் இரண்டு கண்ணின் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்ததாம். அதுவும் கசியத் தொடங்கினபோதுதான் பாய்மரங்கள் வளைந்தன. "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா என்கிட்ட வந்தும் புண்ணியமில்ல" என்றார் டாக்டர். இப்போது வலது கண்ணில் கசிவு நின்றிருக்கிறது. நெளிவு பாதியாகக் குறைந்துவிட்டது. தினமும் காலையில் அத்தை உன் கட்டத் தாளைச் சுவரில் ஒட்டி வாத்தியார் மாதிரி பரீட்சை வைக்கிறாள்.

முதல் ஊசியின்போது நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நான் மேஜையில் ராஜா மாதிரி படுத்திருந்தேன். ஊசியைப் பார்த்து டாக்டருக்கே கை உதறியது. "தைரியமா குத்துங்க டாக்டர், நான் இருக்கேன்ல" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். "இப்படி ஒரு பேஷண்ட்ட பாத்ததே இல்ல" என்றார்கள்.

மீசை போய்விட்டது. கத்திரி "வேணாம்யா, கண்ணு சரியில்லாம சொன்னது கணக்குல வராது" என்றான். வாக்கு வாக்குதான் என்று நானே கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அத்தை இரண்டு நாள் என்னை யாரோ மாதிரி பார்த்தாள். பந்தயக்காரர்களும் பதில் போட்டிருக்கிறார்கள். பாய்மரங்கள் நேராகவே உள்ளன, உங்கள் கூர்மையான கவனிப்புக்கு நன்றி என்று. கத்திரியிடம் பின்பாதியை மட்டும் காட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை. சலூனில் நீ ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. எப்போது எடுப்பாய் என்று நான் மல்லுக்கு நிற்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். பந்தயம் ஆரம்பித்ததும் எட்டு படகும் எனக்கு ஒரே கூழாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உன் காதில், "எதும்மா சிவப்பு?" என்று கேட்டேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. "இடது ஓரம், மூணாவதா இருக்கு மாமா" என்றாய். பிறகு முடிகிற வரைக்கும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாய். யார் திரும்புகிறார்கள், யார் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள், யார் மேலே பறக்கிறார்கள் என்று. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. இப்படியும் ஒரு பந்தயத்தைச் சொல்லலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெருவில் இறங்கினதும் "நாளைக்குப் போலாம்" என்றேனே, அதனால்தான்.

இப்படிக்கு,
மீசை இல்லாத மாமா

ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நலம், பஸ்ஸும் நலம். மூன்றாவது ஊசி நல்லபடி முடிந்ததா?

மீசை இல்லாத படத்தை அத்தை அனுப்பியிருந்தார். ஓய்வறையில் காட்டினேன். "உங்க மாமா இவ்வளவு சின்ன வயசா?" என்று கேட்டார்கள். இதை நீங்கள் பெரிதாக்கத் தேவையில்லை, அப்படியே சொன்னார்கள்.

உங்களைக் கண்ணைக் காட்டச் சொல்லி அனுப்பிய அந்தப் பரிசோதனை அம்மாவைப் போய்ப் பார்த்தேன். வலது கண் தப்பித்தது என்றேன். என்னைவிட அவர்தான் சந்தோஷப்பட்டார். கட்டம் போட்ட தாள் ஒரு கட்டு கொடுத்தார், "ஓய்வறையில மாட்டுங்க" என்று. இப்போது அது எங்கள் டிவிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள்.

மாதா மாதம் ஊசிக்குத் தவறாதீர்கள். அத்தையைக் கோபப்படுத்தாதீர்கள்.

உங்கள்
வாலு

நவம்பர் 30

அன்புள்ள வாலுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

ஆறு ஊசி முடிந்தது. இனி இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும் என்கிறார் டாக்டர். அத்தையின் முழங்கால் என் கண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டு இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை நானும் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நேற்று இறுதிப் போட்டி. நீயும் பார்த்திருப்பாய், அதனால் பெரிதாக்க வழியில்லை. சாம்பல் படகு ஜெயித்தது. சிவப்பு நான்கு நொடி பின்னால். இரண்டாவது திருப்பத்தில் பச்சைப் படகு கொஞ்ச நேரம் என் பார்வையில் இல்லை. "பச்சை எங்கடா?" என்று கத்திரியிடம் சத்தமாகவே கேட்டேன். காட்டினான். ஜன்னல் மாட்டுவதை விட்டுவிட்டேன். கண்ணாடிக் கடையில் ஆர்டர் எடுத்து, அளவு சொல்லி, ஆட்களை விரட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. பேசுகிற வேலை. என்னை விட்டால் யாருக்கு வரும்?

ஜூலையில் நான் எழுதினதில் ஒரு திருத்தம். டாக்டருக்குக் கை உதறவில்லை. நான்தான் உதறினேன். தைரியமாகக் குத்துங்க என்று சொல்லவும் இல்லை. "விட்டுடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்று அழுதேன். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியில உக்காந்திருக்கறது உங்க பொண்ணா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். மருமகள் என்று விளக்க அப்போது நேரமில்லை. "அவங்கள பாக்க வேணாமா?" என்றார். சரி, குத்துங்கள் என்றேன்.

மறுநாள் காலை கண்கட்டை அவிழ்த்தார்கள். நீ பக்கத்து நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய். "என்ன தெரியுது?" என்று நர்ஸ் கேட்டார். "கடிகாரம் தெரியுது, ஜன்னல் தெரியுது" என்றேன். நான் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. உன் இடது காதுக்கு மேலே ஒரு நரைமுடி இருந்தது. ஒன்றே ஒன்று. வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. நெளிந்துதான் தெரிந்தது. அது என் கண்ணின் நெளிவா, உன் முடியின் சுருளா என்று எனக்கு இன்னும் தெரியாது. நீ விழிக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை உன் அத்தையிடம் சொல்லவில்லை. கத்திரியிடம் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒரு விஷயத்தை எனக்குள்ளேயே வைத்திருந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சொன்னால் என்னையும் அறியாமல் பெரிதாக்கிவிடுவேன் என்று பயம். அது இருந்த அளவே எனக்குப் போதுமாக இருந்தது.

நன்றி அம்மா.

உன் மாமா